அழகாகச் சொல்லத் தெரிந்தவர்

எங்கள் காலனியில் டீச்சரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எண்ணூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் பர்மா காலனி. என் அம்மா, அப்பா உட்பட அந்தத் தலைமுறை முழுக்க ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். டீச்சரும் சின்ன வயதில் அப்படி வந்தவர்தான். பர்மிய மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்து, தமிழும் இங்கிலீஷும் பிசிறில்லாமல் பேசக்கூடியவர் காலனியில் அவர் ஒருவர்தான். பெரியவர்கள் அவரை 'சயாமா' என்று கூப்பிடுவார்கள். பர்மிய மொழியில் டீச்சரம்மா என்று அர்த்தம். நாங்கள் வெறும் டீச்சர் என்போம்.

கஞ்சி போட்ட காட்டன் புடவை. இடுப்பில் மடித்துச் சொருகிய வெள்ளைக் கைக்குட்டை. ஒரு வாக்கியம் பேசி முடித்ததும் அதை எடுத்து உதட்டோரத்தை ஒற்றிக்கொள்வார், ஏதோ சாப்பிட்டு முடித்த மாதிரி. யார் என்ன பேசினாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்.

"அதையே அழகாச் சொல்லலாமே?"

டியூஷனில் நான் "வவுத்தாலப் போவுது டீச்சர்" என்று துடித்துக்கொண்டு நின்றபோதும் அதையே சொன்னார். "வயிறு சரியில்லை" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் வெளியே போக விட்டார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. அது போகட்டும், சின்னப் பிள்ளை விஷயம்.

பிடிக்காதவர்களைப் பற்றிப் பேசும்போது நல்லதையும் சொல்லிவிட வேண்டும். ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் பென்ஷன் என்று காலனிக்கு அவர் எழுதிக்கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. கூப்பிட்டால் வெயில் மழை பார்க்காமல் வருவார். வந்து கெடுப்பார்.

ஒரு கோடையில் கால்வாய்ப் பக்கம் இருந்த ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து கண் எரியும் நாற்றம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பெண்கள் எல்லாம் ரோட்டில் உட்கார்ந்த பிறகு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. டீச்சரை முன்னால் நிறுத்தினார்கள்.

"இன்னாய்யா நென்ச்சிகினுகீறீங்க? மூச்சு வுட முடியல, கொயந்திங்க கண்ணு ரத்தமா செவந்து கெடக்குது. நீ வந்து ஒரு நாளு எங்கூட்ல தங்கிப் பாரு!" என்று வாசுகி அக்கா கத்தினார்.

டீச்சர் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார்: "இப்பகுதி மக்கள் சிறிது அசௌகரியமாக உணர்கிறார்கள். தங்கள் வருகைக்கு நன்றி சொல்கிறார்கள்."

எனக்கு இங்கிலீஷ் தெரியும். ராயபுரத்தில் துறைமுகச் சரக்குகளுக்குக் கிளியரிங் வேலை பார்க்கும் ஆபீசில் இருக்கிறேன். நாள் முழுக்க இங்கிலீஷ் கடிதம்தான். அதிகாரி சிரித்து, தலையாட்டி, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். டீச்சரின் மரியாதையான பேச்சுக்கு அதிகாரி எவ்வளவு அடக்கமாகத் தலையாட்டினார் என்று காலனியே பூரித்துப்போனது. நாற்றம் மழைக்காலம் வரை இருந்தது.

பக்கத்துத் தெரு செல்வியின் புருஷன் அவள் கையை முறித்தபோது, போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் எழுதிக் கொடுத்ததும் டீச்சர்தான். 'தம்பதியரிடையே ஏற்பட்ட மனத்தாங்கலில் கையில் காயம் உண்டானது' என்று எழுதினார். கை தானாகவே முறிந்துகொண்டதுபோல. இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அறிவுரை சொல்லி அனுப்பினார். செல்வி அடுத்த மாதம் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. 'சமாதானமாப் பிரிஞ்சிட்டாங்க' என்றார் டீச்சர்.

இதெல்லாம் தெரிந்தும் நான் தேவியை அவரிடம்தான் கூட்டிக்கொண்டு போனேன். வேறு யாரிடம் போவது?

தேவி என் மாமா மகள். எல்லாரும் கப்பலேறியபோது அம்மாவின் அண்ணன் மட்டும் வர மறுத்து பர்மாவிலேயே பெகூ பக்கம் அரிசிக் கடை வைத்துத் தங்கிவிட்டார். அவருடைய மூத்த பெண் அவள். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அவள் தம்பி ஊர்வலங்களுக்குப் போனான், பிறகு தலைமறைவானான். அவனைத் தேடி வந்த சிப்பாய்கள் அவன் கிடைக்காததால் தேவியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியே வந்தவள் வீட்டில் தங்காமல், மணிப்பூர் எல்லையைத் தாண்டி, பஸ்ஸும் ரயிலுமாக சென்ட்ரலில் வந்து இறங்கினாள். கையில் என் அம்மாவின் பழைய முகவரி. அம்மா இறந்து பல வருஷமாகியிருந்தது.

அவளுக்குத் தமிழில் சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான் தெரியும். எனக்குத் தெரிந்த பர்மிய மொழி அம்மாவும் பெரியம்மாவும் எங்களுக்குப் புரியக்கூடாது என்று அந்த மொழியில் சண்டை போட்டதில் ஒட்டிக்கொண்டது. பாதிக்குப் பாதி வசவு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நானும் அவளும் சமாளித்தோம். சிப்பாய்கள் பிடித்துவைத்திருந்தபோது என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இரவில் அவள் கதவுக்குக் குறுக்கே படுத்துத் தூங்குவதைப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது.

விசா இல்லை, பாஸ்போர்ட் இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார்.

"இன்னாம்மா, பாரின் பார்ட்டிய வூட்ல வெச்சிகினுகீறியாமே? அகதின்னு கார்டு வாங்கிடு. இல்லன்னா மேலேந்து கேட்டா நான் புடிச்சிதான் குடுக்கணும். அப்பாலத் திருப்பி அனுப்பிட்டா என்னியக் கேக்காத."

மிரட்டவில்லை அவர். நல்ல மனுஷன், உள்ளதைச் சொன்னார்.

அகதிகள் ஆபீசில் அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பம் கொடுத்தோம், நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பர்மிய மொழிபெயர்ப்பாளர் இங்கே கிடைக்கவில்லை, உங்களுக்கு நம்பிக்கையான ஆள் இருந்தால் கூட்டிவரலாம் என்றார்கள். டீச்சர் உடனே ஒப்புக்கொண்டார். அன்றைக்கு இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். உள்ளேயிருந்து தேவியின் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வெளியே வந்தபோது தேவியின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் திரும்பும் ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டியாகிவிட்டது என்ற தூக்கம் அது.

"நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றார் டீச்சர். "ரொம்ப கௌரவமா எடுத்துச் சொல்லியிருக்கேன்."

விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் சிரமங்கள் ஏற்பட்டது உண்மையே, ஆனால் அவளுடைய இனத்துக்காகவோ தம்பியின் அரசியலுக்காகவோ கடுமையான தீங்கு இழைக்கப்பட்டதாக அவளே சொல்லவில்லை என்பது பதில். ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் இல்லையென்று வந்துவிட்டால் பிறகு ஏட்டுதான்.

எங்கள் ஆபீஸ் மேனேஜர் சொல்லி, அகதிகள் வழக்கு மட்டும் பார்க்கும் ஒரு வக்கீலைப் பிடித்தேன். பாரிமுனையில் சின்ன ஆபீஸ். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். அதிகம் சிரிக்க மாட்டார். தேவிக்குப் புது இடமென்றால் உடல் நடுங்குகிறது என்று தெரிந்ததும், "நானே உங்க வீட்டுக்கு வர்றேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்துவிட்டார். டீச்சரையும் கூப்பிட்டிருந்தோம்.

நடு அறையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நான் டீ போட அடுப்பங்கரைக்குள் இருந்தேன். எங்கள் வீட்டில் அடுப்பங்கரைக்கும் நடு அறைக்கும் இடையே ஒரு துணித்திரைதான்.

வக்கீல் தமிழில் கேட்டார். டீச்சர் பர்மிய மொழியில் கேட்டார். தேவி சொல்ல ஆரம்பித்தாள். சிப்பாய்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்ததும் அவர்களின் தலைவன் சொன்ன வார்த்தையை அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். அதில் 'கலா' இருந்தது. பர்மாவில் நம்மவர்களைக் காறித் துப்புவதற்கென்றே இருக்கும் சொல் அது. என் பெரியம்மா சாகும்வரை தூக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு விழித்துக்கொள்வார். அதோடு சேர்த்து நாய் என்றும், இன்னும் ஒன்றும் சொல்லியிருந்தான். எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரிந்த பாதி அதுதானே.

டீச்சர் சொன்னார்: "'இந்திய வம்சாவளிப் பெண்ணே, உன் தம்பி எங்கே?' என்று விசாரித்தார்கள்."

வக்கீல் எழுதிக்கொண்டார். என் கையில் டீ வடிகட்டி அப்படியே நின்றது.

தேவி பேசிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடம் ஒன்றில் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள், அங்கே ஒரு வகுப்பறைக்குள் அவளைத் தள்ளினார்கள். எத்தனை பேர் வந்தார்கள், என்ன செய்தார்கள், செய்யும்போது என்ன சொன்னார்கள். குரல் உயராமல், குழாயிலிருந்து தண்ணீர் விழுவதுபோலச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அது அவள் வழக்குக்காகச் சொன்னது. அவள் நிறுத்தியதும் டீச்சர் கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றிக்கொண்டார்.

"அங்கே தங்க வைக்கப்பட்டபோது ராணுவத்தினர் இவளிடம் கண்ணியக் குறைவாக நடந்துகொண்டார்கள்."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். "அவங்க இவ்வளவு நேரம் பேசினாங்களே. கண்ணியக் குறைவான்னா என்ன?"

"மரியாதையில்லாம."

"அடிச்சாங்களா?"

"கொஞ்சம் கடுமையா நடந்துக்கிட்டாங்கன்னு வச்சுக்குங்களேன்."

திரையை ஒதுக்கிக்கொண்டு வந்தேன். "டீச்சர், அவ அத்தச் சொல்லல."

"நீ உள்ள போம்மா."

"நாலு பேரு சேந்து அவளக் கெடுத்தானுங்க, மேடம். ஒருவாட்டி இல்ல. கலா நாயேன்னு சொல்லிச் சொல்லி. அத்தத்தான் அவ இவ்ளோ நேரமா சொல்லிகினு இருந்தா."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "டீச்சரம்மா, போன தடவை ஆபீஸ்ல என்ன சொன்னீங்க?"

"இதேதான் சொன்னேன்." டீச்சர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "அங்க ரெண்டு ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க. ஒரு குடும்பப் பொண்ணைப் பத்தி அந்த மாதிரி வார்த்தையை அவங்க எதிர்ல எப்படிச் சொல்றது? நாளைக்கு இவ இந்தக் காலனியில தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? அவ மானத்தை நான் காப்பாத்தினேன்."

"அவங்க உயிரக் காப்பாத்தத்தான் உங்களக் கூப்பிட்டாங்க" என்றார் வக்கீல்.

தேவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்த உடைந்த பர்மிய மொழியில் சொன்னேன்: நீ சொன்னாய். இவர் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

அவள் அழுதிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்கும். அன்றைக்கு ரயிலில் அவள் தூங்கிய தூக்கம் பொய்யாகிப்போனதை அவள் முகத்திலேயே பார்த்தேன். அன்றைக்கு ஆபீசிலும் இன்றைக்கு இங்கேயும் அவள் வாய் திறந்து சொன்னது எதுவும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. டீச்சரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். அந்த வாக்கியம் எனக்கு முழுசாகவே புரிந்தது.

"சயாமா, வெட்கப்பட வேண்டியது நானா?"

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உதவி செய்ய வந்தவளுக்கு இதுவும் வேணும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சொந்தக்காரங்க. நீங்க கூட்டிச் சொன்னீங்கன்னு சொல்லுவாங்க. இதுக்குன்னே பழகினவங்க இருக்காங்க." டெல்லியில் இருக்கும் ஒரு பெண்ணை போனில் பிடித்தார். அவரும் பர்மாவிலிருந்து வந்தவர்தானாம். அடுத்த வாரம் பாயின் நடுவில் போனை வைத்தோம். அந்தப் பெண் முதலில் தேவியிடம் பர்மிய மொழியிலும் எங்களிடம் தமிழிலும் சொல்லிவிட்டார்: நீங்கள் சொல்வதில் எதையும் கூட்ட மாட்டேன், எதையும் விட மாட்டேன், வசவு வந்தால் வசவாகவே சொல்வேன், நீங்கள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்வேன்.

அப்படியே செய்தார். அந்தக் குரலில் இரக்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை. 'கலா' வந்தபோது அதை அப்படியே சொல்லி, அந்த நாட்டில் அது யாரை எப்படி இழிவுபடுத்தும் சொல் என்று வக்கீல் கேட்ட பிறகு விளக்கினார். ஒரு இடத்தில் தேவியால் பேச முடியாமல் போனது. போனில் இருந்த பெண் தேற்றவில்லை, அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தார். தேவி மறுபடி தொடங்கியதும் அவரும் தொடங்கினார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மருத்துவரின் சான்றிதழையும் சேர்த்து வக்கீல் மேல்முறையீட்டை அனுப்பினார்.

அதற்குப் பிறகு காத்திருந்த மாதங்களில்தான் காலனிப் பெண்கள் தேவியிடம் வித்தியாசமாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். கடையில் முன்னால் விட்டார்கள். அவள் கடந்து போனதும் பேச்சு நின்றது. வாசுகி அக்கா என்னை ஓரமாக இழுத்துக் கேட்டார்: "ஏண்டி, பாவம், அந்தப் பொண்ணுக்கு ஏதோ அசம்பாவிதம் ஆய்டுச்சாமே?"

அசம்பாவிதம். அந்தச் சொல் வாசுகி அக்காவின் வாயில் பிறந்ததில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் நாலு பேர்.

நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் நான் எதுவும் சொல்லலம்மா" என்றார், திரும்பாமலேயே. "விளக்கு பூஜையில அவளுக்காக எல்லாரையும் வேண்டிக்கச் சொன்னேன். அவ்வளவுதான். எதுக்குன்னு கேட்டாங்க. அழகாத்தான் சொன்னேன்."

வக்கீலுக்கும் அதிகாரிகளுக்கும் தெரிய வேண்டியதை மறைத்தவர், தெரிய வேண்டாத அத்தனை பேருக்கும் கற்பூரம் காட்டிச் சொல்லியிருக்கிறார். எனக்கு வாயில் பர்மிய வார்த்தைகள்தான் வந்தன, அம்மாவும் பெரியம்மாவும் கற்றுக்கொடுத்தவை. இரண்டைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சின்ன வயதில் அவருக்கும் அங்கே ஏதாவது நடந்திருக்கும், அதனால்தான் அப்படி என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போவதும் இல்லை.

கார்டு வந்துவிட்டது. மேல்முறையீட்டில் தேவி சொன்னதை நம்பினார்கள். ஏட்டு வந்து கார்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இத்த லேமினேட் பண்ணி வைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். தேவி இப்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு நைட்டிக் கடைக்குத் தைத்துக் கொடுக்கிறாள். கடைப் பெண்களோடு பழகித் தமிழ் வந்துவிட்டது, அந்தப் பக்கத்துத் தமிழ்.

போன வாரம் தண்ணி லாரி வந்தது. நானும் தேவியும் குடத்தோடு வரிசையில் நின்றோம். டீச்சர் தன் வீட்டு கேட்டருகே நின்றிருந்தார். எங்களுக்கு முன்னால் இருந்த, புதிதாகக் குடிவந்த ஒரு பெண் தேவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"டீச்சரு சொன்னாங்க தங்கச்சி. உனக்கு நடந்த அசம்பாவிதத்தக் கேட்டு மனசே ஆறல."

தேவி கையை விடுவித்துக்கொண்டாள்.

"அது இன்னா வார்த்தைக்கா, எனக்குத் தெரில. மிலிட்டரிக்காரனுங்க என்னியக் கெடுத்தானுங்க. கேஸ் குட்த்தேன். கார்டு வந்துட்சி. கொடத்தப் பாரு, ரொம்பி வயிஞ்சிகினுகீது."

டீச்சர் வீட்டு கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அவசரமாகக் குடத்தை நகர்த்தினாள். தேவி தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.